ஜே.டி. எழுதும் முன் செக்கிங் டேபிளுக்குப் போங்கள்

பின்னலாடை நிறுவனங்களின் இளம் ஹெச்.ஆர். அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

திருப்பூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பின்னலாடைக் கம்பெனிகளில் ஹெச்.ஆர். பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் இந்தத் துறையில் நெடுங்காலமாக இருந்து வருகிறேன். உங்கள் வேலையின் பாரம் எனக்குத் தெரியும். காலையில் பஸ் வரவில்லை என்ற போனில் நாள் தொடங்குகிறது. பிறகு ஹாஸ்டல், கேன்டீன், பிஎஃப், இஎஸ்ஐ, ஆள் பற்றாக்குறை, சனிக்கிழமைச் சம்பளம். இத்தனைக்கும் நடுவில் ஒரு வேலை மட்டும் எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. அதுதான் பணிப் பகுப்பாய்வு.

வெளிநாட்டுப் பையரின் ஆடிட் தேதி தெரிந்த பிறகுதான் ஜே.டி. (பணி விவரக் குறிப்பு) கோப்பு எங்கே என்று தேடுகிறார்கள். பக்கத்துக் கம்பெனியில் இருக்கும் நண்பரிடமிருந்து ஒரு கோப்பு வருகிறது. கம்பெனி பெயர் மட்டும் மாறுகிறது. இப்போதெல்லாம் அதுகூட வேண்டாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பதவியின் பெயரைச் சொன்னால் ஒரே நிமிடத்தில் அழகான ஒரு பக்கம் கிடைத்துவிடுகிறது. பிரின்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி அடுக்கிவிட்டால் ஆடிட்டர் டிக் போட்டுவிட்டுப் போகிறார். கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டுவதில்லை.

இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதை அவர் வேலை செய்யும் இடத்திலேயே நின்று பார்த்து, அவரிடமே கேட்டு எழுத வேண்டும். எழுதியதை அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். அப்படி எழுதாத ஜே.டி. வெறும் வெற்றுத்தாளாகக்கூட இருப்பதில்லை. அது ஒருவரின் கூலியைக் குறைக்கிறது, இன்னொருவருக்கு வேலை கிடைக்காமல் செய்கிறது, மூன்றாமவரின் முதுகை உடைக்கிறது.

செக்கிங் டேபிளை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கோப்புகளில் அந்தப் பதவிக்கு நான்கு வரிதான் இருக்கும்: தைத்த ஆடைகளைச் சோதித்தல், குறைகளைக் கண்டறிதல், மேற்பார்வையாளர் சொல்லும் பிற வேலைகளைச் செய்தல், கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. பல இடங்களில் அந்தப் பெண்ணின் பதவி பதிவேட்டில் ‘ஹெல்பர்’ என்றே இருக்கும்.

இப்போது அந்த டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் முழுவதும் நின்று பாருங்கள். ஒரு டி-ஷர்ட் அவர் கைக்கு வருகிறது. முதலில் கழுத்து ரிப்பை விரல்களால் இழுத்துப் பார்க்கிறார். தையல் அறுந்தால் அங்கேதான் முதலில் அறும். தோள் ஜாயின்ட், கை, அக்குள் மடிப்பு, பக்கத் தையல், பாட்டம் மடிப்பு, லேபிள் என்று ஒவ்வொரு பீஸிலும் கண்ணும் கையும் ஒரே வரிசையில் போகின்றன. வரிசை மாறினால் ஏதாவது ஒரு இடம் விட்டுப்போகும். பிறகு உட்புறத்தைத் திருப்பி ஓவர்லாக் தையலைப் பார்க்கிறார். குறை இருந்தால் அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்கு ஒதுக்குகிறார். எண்ணெய்க் கறை என்றால் வேறு பக்கம், துணியே ஓட்டை என்றால் இன்னொரு பக்கம்.

கோப்பில் இல்லாத வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரே பண்டிலில் அடுத்தடுத்த பீஸ்களில் தையல் ஓரமாகப் பொடி ஓட்டை தெரிந்தால், ஊசி முனை மழுங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய் அந்த டெய்லரிடம் சொல்கிறார், ஊசி மாறுகிறது. உடம்புப் பகுதி ஒரு நிறமாகவும் கை அதைவிட ஒரு சாயல் குறைவாகவும் வந்தால், கட்டிங்கில் இரண்டு ரோலின் துண்டுகள் கலந்துவிட்டன என்று புரிந்துகொள்கிறார். சூப்பர்வைசருக்குத் தெரிவதற்கு முன்பே அந்த நம்பர் பண்டில்களைத் தனியாக எடுத்து வைக்கிறார். அவர் அதைச் செய்யாவிட்டால் ஒரு லாட் முழுக்க அந்தக் குறையோடு பேக்கிங்குக்குப் போகும். இது பகுத்தறிந்து முடிவெடுக்கும் வேலை. உங்கள் கோப்பில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை.

எழுதாத திறமைக்குக் கூலி கிடைக்காது. குறைந்தபட்சக் கூலி அட்டவணைகள் பல தொழில்களில் திறன் பெற்றவர், அரைத்திறன் பெற்றவர், திறன் பெறாதவர் என்று பிரித்தே கூலி நிர்ணயிக்கின்றன. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை முடிவு செய்வது அவர் செய்யும் வேலையின் தன்மை. அதை ‘ஹெல்பர்’ என்ற ஒரே சொல்லில் மூடிவிட்டால், ஆண்டுகள் கழித்தும் அவர் கீழ்ப்படியிலேயே நிற்பார். பக்கத்தில் அதே அளவு பொறுப்போடு வேறு பெயரில் வேலை செய்யும் ஆணுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.

சட்டம் இதை எப்போதோ பேசிவிட்டது. 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம், ஒரே வேலையா அல்லது ஒத்த தன்மையுள்ள வேலையா என்பதைத் திறன், உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் ஆகியவற்றை வைத்துப் பார்க்கச் சொன்னது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத்தொகுப்பு அனுபவத்தையும் அந்த அளவுகோலில் சேர்த்திருக்கிறது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் பெண் சுருக்கெழுத்தராக இருந்த ஆட்ரி டி கோஸ்டாவின் வழக்கு 1987இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆண் சுருக்கெழுத்தர்களைவிட அவருக்குக் குறைவாகவே சம்பளம் தரப்பட்டிருந்தது. உயரதிகாரிகளுக்கு அந்தரங்கச் சுருக்கெழுத்தராக இருப்பது தனி வகை வேலை என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உண்மையில் செய்யும் கடமைகளைத்தான் ஒப்பிட வேண்டும் என்றது. சமமாகக் கொடுக்க வசதியில்லை என்ற காரணத்தையும் ஏற்க மறுத்தது. உங்கள் கம்பெனியில் நாளை இதே கேள்வி எழுந்தால், உண்மையில் செய்யும் கடமைகள் இவைதான் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?

பதவிப் பெயரை மட்டும் உயர்த்துவதும் உதவாது. ஓவர்டைம் கேட்பார், சங்கத்தில் சேர்வார் என்று ஒருவரை சூப்பர்வைசர் ஆக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் ஒருவர் தொழிலாளியா இல்லையா என்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் பதவிப் பெயரோடு நின்றுவிடவில்லை. அவருடைய முதன்மையான வேலை என்ன, யாருக்கு லீவு கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது, நாளின் பெரும்பகுதியை எதில் செலவிடுகிறார் என்று பார்த்தே முடிவு சொல்லி வந்திருக்கின்றன. 2020 தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு மேற்பார்வைப் பணியில் இருப்பவரையும் தொழிலாளியாகக் கருதுவதற்கான சம்பள வரம்பை 10,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாயாக உயர்த்தியது. கேட்க வேண்டிய அடிப்படைக் கேள்வி மட்டும் மாறவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தருவது பணிப் பகுப்பாய்வு மட்டுமே.

அடுத்தது ஆள் எடுப்பது. செக்கிங்குக்குப் பத்தாம் வகுப்பு என்று யார் முடிவு செய்தது? டேபிளில் நின்று பார்த்தால் அந்த வேலை கேட்பது நல்ல கண் பார்வை, நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன், அளவு டேப்பைப் படித்து எழுதும் எழுத்தறிவு, சொல்வதைத் தயங்காமல் சொல்லும் துணிச்சல். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இவற்றில் எதையும் காட்டாது. நீங்கள் வாசலில் திருப்பி அனுப்பும் எட்டாம் வகுப்புப் பெண், வேறொரு கம்பெனியில் ஐந்து வருடம் செக்கிங் பார்த்தவராக இருக்கலாம். அமெரிக்காவில் 1971இல் தீர்ப்பான கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கு இதைத்தான் தொட்டது. வட கரோலினாவின் ஒரு மின்நிலையத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் எழுத்துத் தேர்வும் தகுதியாக வைக்கப்பட்டிருந்தன. கறுப்பினத் தொழிலாளர்கள் நல்ல வேலைகளுக்குப் போக முடியாமல் தடுத்தது அந்தத் தகுதிதான். சான்றிதழ் இல்லாமலே முன்பு அந்த வேலைகளில் சேர்ந்திருந்த வெள்ளையர்களோ தொடர்ந்து நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். வேலையோடு தொடர்பு காட்ட முடியாத தகுதியை, அது ஒரு சாராரை வெளியே தள்ளும்போது, வைக்கக்கூடாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதன் பிறகு அங்கே நிறுவனங்கள் பணிப் பகுப்பாய்வைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கின. நம் ஊரில் சாதியாலும் வறுமையாலும் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பைப் பற்றியும் ஜே.டி. பேச வேண்டும். செக்கிங் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கிறோம். நிற்பதை வேலை கேட்கிறதா, டேபிளின் உயரம் கேட்கிறதா? இதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. டேபிளைச் சற்றுத் தாழ்த்தி, முதுகு சாய்க்கும் ஸ்டூல் கொடுத்தால் பெரும்பாலான பீஸ்களை உட்கார்ந்தே பார்க்கலாம். நின்றே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொல்லியிருந்தது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால் வலிக்குக் கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை உரிமை கொடுத்தன. ‘எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும், எத்தனை முறை குனிய வேண்டும், வெளிச்சம் எப்படி’ என்ற நான்கு வரி உங்கள் கோப்பில் இருந்தால் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதே நான்கு வரி மாற்றுத்திறனாளிகளுக்கும் கதவைத் திறக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2021இல் வெளியிட்ட பணியிடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பதவிக்கும் உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், பார்த்தல், கேட்டல், படித்தல், எழுதுதல் என்று உடல் தேவைகள் குறியீடுகளாகத் தரப்பட்டிருக்கும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையில் பொருத்தமான பணியிடங்களைப் பட்டியலிட வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. செக்கிங்குக்குக் காது கேட்க வேண்டுமா? டேபிளில் நின்று பார்த்தவர் உடனே பதில் சொல்வார்: பீஸைப் பார்க்கக் கண்ணும் கையும் போதும், டெய்லரிடம் சொல்ல அம்பு ஸ்டிக்கரும் சைகையும் போதும், ஃபயர் அலாரத்துக்கு ஒரு மினுக்கும் விளக்கு வேண்டும். பார்க்காதவர் ‘முடியாது’ என்றுதான் எழுதுவார்.

நண்பர்களே, இவ்வளவு சொன்ன பிறகு ஒரு தடையையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நோட்டோடு லைனுக்குள் போனால் தொழிலாளர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஃபிரெடரிக் டெய்லரின் ‘அறிவியல் மேலாண்மை’ புத்தகம் 1911இல் வந்தது. கொத்தனார் செங்கல் அடுக்கும் 18 அசைவுகளை ஃபிராங்க் கில்பிரெத் ஐந்தாகக் குறைத்த கதை அதில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. வேலையைக் கூர்ந்து பார்த்தவர்கள் பலர் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார்கள். பார்த்து முடித்ததும் டார்கெட் ஏறியது. உங்கள் கம்பெனியிலும் ஐ.இ. (தொழிற்பொறியியல்) ஆட்கள் நிமிடக் கணக்கு எடுத்த அடுத்த வாரமே பீஸ் எண்ணிக்கை கூடியதைப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் நீங்கள் முதலாளியிடம் ஒரு வாக்குறுதி வாங்க வேண்டும்: இந்தக் குறிப்பை வைத்து டார்கெட் உயர்த்தப்படாது, ஆள் குறைக்கப்படாது. அதைத் தொழிலாளர்களிடம் லைனில் நின்று சொல்லுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்திடமும் சொல்லுங்கள். அந்த வாக்கு கிடைக்கவில்லையென்றால் நோட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வாக்கு கிடைத்த பிறகு வேலை எளிது. ஒரே பதவியில் நன்றாகச் செய்பவர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், நடுத்தரமானவர் ஒருவர் என்று மூவரைத் தேர்ந்தெடுங்கள். ஆர்டர் நெருக்கடியான நாளிலும் சாதாரண நாளிலும் பாருங்கள். நைட் ஷிஃப்ட் இருந்தால் அதையும் விடாதீர்கள். பார்த்ததை வினைச்சொற்களில் எழுதுங்கள்: இழுத்துப் பார்க்கிறார், ஒட்டுகிறார், ஒதுக்குகிறார், எச்சரிக்கிறார். ‘பொறுப்புடன் செயல்படுதல்’, ‘ஈடுபாட்டுடன் பணியாற்றுதல்’ போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். அவை எந்தப் பதவிக்கும் பொருந்துபவை, ஆகவே எந்தப் பதவியையும் விளக்காதவை.

பிறகு உட்கார்ந்து பேசுங்கள். ‘உங்க வேலை என்னம்மா?’ என்று கேட்டால் ‘செக்கிங்தான் சார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ‘சரக்கு திரும்பி வந்ததே, அன்னைக்கு என்ன ஆச்சு? அதைத் தடுத்திருக்க முடிஞ்சிருக்குமா? நீங்க கண்டுபிடிச்சு லாட்டைக் காப்பாத்தின நாள் ஏதாவது இருக்கா?’ என்று கேளுங்கள். கதை வரும். அந்தக் கதையில்தான் திறமை ஒளிந்திருக்கிறது. இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில் விமானிப் பயிற்சியில் தோற்றவர்களின் குறிப்புகளை ஜான் ஃபிளானகனின் குழு ஆராய்ந்தது. அவற்றில் ‘பறக்கும் திறன் இல்லை’, ‘முடிவெடுக்கும் ஆற்றல் போதாது’ என்ற வகையான தேய்ந்த வாக்கியங்களே நிறைந்திருந்தன. உண்மையில் நடந்தவற்றையே சேகரிப்பது என்று அந்தக் குழு முடிவு செய்தது. அதிலிருந்து வளர்ந்த முறையை, முக்கிய நிகழ்வு முறை என்ற பெயரில், ஃபிளானகன் 1954இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் செவிலியர் பணி முதல் தொழிற்சாலை வரை அது பயன்படுகிறது.

முன்னோர் எழுதி வைத்த பட்டியல்களைத் தொடக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை இல்லாதவர்களையும் காலியிடங்களையும் பொருத்தித் தர வேண்டியிருந்ததால், அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆட்களை வேலையிடங்களுக்கே அனுப்பிப் பார்க்கச் செய்தது. ஏறக்குறைய 17,500 வேலைகளின் விளக்கங்களைக் கொண்ட தொழில் அகராதி 1939இல் வெளிவந்தது. நம் நாட்டின் தேசியத் தொழில் வகைப்பாடு 2015, சுமார் 3,600 தொழில்களுக்கு எட்டு இலக்கக் குறியீடும் சுருக்க விளக்கமும் தருகிறது. திறன் மேம்பாட்டுக் குழுமங்கள் தையல், செக்கிங் போன்ற வேலைகளுக்குத் தரநிலைகள் எழுதியிருக்கின்றன. இவை உங்களுக்குச் சொல்லாட்சியையும் நினைவூட்டலையும் தரும். செயலி எழுதித் தரும் வரைவும் அப்படித்தான். அதில் எல்லாக் கம்பெனிகளின் செக்கிங்கும் இருக்கும், உங்கள் டேபிளின் உயரம் இருக்காது. ஊசி மழுங்கியதை முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்பதும் இருக்காது.

எழுதி முடித்ததும் சூப்பர்வைசரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். அதன் பிறகு, எழுதப்பட்டவரிடமே தமிழில் படித்துக் காட்டுங்கள். வடமாநிலத் தொழிலாளி என்றால் இந்தியிலோ ஒடியாவிலோ படித்துக் காட்ட ஆள் வையுங்கள். ‘இது இல்லை சார், இதை விட்டுட்டீங்க’ என்று அவர் சொன்னால் திருத்துங்கள். திருத்தத்துக்குப் பிறகு வாங்கும் கையெழுத்துக்குத்தான் பொருள் உண்டு. மெஷின் மாறினாலோ லைன் முறை மாறினாலோ அந்தத் தாளும் மாற வேண்டும்.

நேரமில்லை என்பீர்கள். முதலாளி இதற்கெல்லாம் சம்மதிக்க மாட்டார் என்பீர்கள். எல்லாப் பதவிகளையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். ‘ஹெல்பர்’ என்ற பெயரில் ஆட்கள் அதிகம் இருக்கும் ஒரே ஒரு பிரிவை எடுங்கள். ஒரு பதவியைச் சரியாக எழுதி, யாரை எடுக்க வேண்டும், எத்தனை நாள் பயிற்சி வேண்டும், எந்தப் படியில் கூலி தர வேண்டும் என்பதை அந்தத் தாளிலிருந்தே சொல்லிக் காட்டுங்கள். புதிதாக வருபவர் ஒரு வாரத்தில் வேலையை விட்டுப் போவது ஏன் என்பதும் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரியும்: சேரும்போது சொன்ன வேலை ஒன்று, கையில் கொடுத்த வேலை வேறொன்று. ஆள் கிடைக்காமல் தவிக்கும் முதலாளிக்கு இது புரியும்.

கூலியைப் பற்றிய பகுதி அவருக்குக் கசக்கலாம். செக்கிங் வேலையை உள்ளபடி எழுதினால் சிலரின் கூலியை உயர்த்த வேண்டிவரும். வரட்டும். இதுவரை எழுதாமல் விட்டதால் மிச்சமான பணம் அந்தப் பெண்களுடையது. அதை அவரிடம் மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்ல உங்களால் முடியும். சொல்வதற்கான ஆதாரத்தைத்தான் பணிப் பகுப்பாய்வு உங்கள் கையில் தருகிறது. நிர்வாகத்தில் இருந்துகொண்டே தொழிலாளியின் உழைப்புக்குச் சாட்சி சொல்லும் வாய்ப்பு, உங்கள் பதவியில் இருப்பவருக்கு அமைவது போல வேறு யாருக்கும் அமைவதில்லை.

அடுத்த ஆடிட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த மாதமே ஒரு பதவியைத் தொடங்குங்கள். எழுதிய தாளின் ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள், இன்னொரு பிரதியை அந்த வேலையைச் செய்பவர் கையில் கொடுங்கள்.

மிகுந்த அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் துறையின் மூத்த சகா ஒருவர்